என் கிட்னி விஷயத்தையும் உன் மாமனாரே சொல்லிவிட்டார்

அன்புள்ள கதிர்,

நேற்று சாயந்திரம் போனில் நீ அழுதாய். ஜலதோஷம் என்று சமாளித்தாய். நானும் நம்பியதுபோல, ஆவி பிடிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். "ஏம்பா என்கிட்ட சொல்லல? மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்திருப்பாய். அப்படி ஒன்றும் இல்லை. அந்த நிமிஷம் உன் மாமனார்மேல் எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. நோய் என்னுடையது, கிட்னி என் உடம்பில் இருக்கிறது, பிள்ளை நான் பெற்ற பிள்ளை. அந்தச் செய்தியையும் திட்டக்குடியில் உட்கார்ந்துகொண்டு அவரே உனக்குச் சொல்லி முடித்துவிட்டாரே என்றுதான் இருந்தது. சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டிருந்தேன். "வாயத் தொறக்க மாட்டேன் சம்பந்தி" என்றார். அந்த வாயைப் பற்றி எனக்குத் தெரியாதா? தெரிந்தும் நம்பினேன்.

அடுத்த வாரம் நீ மஸ்கட்டுக்குக் கிளம்புகிறாய். அதற்குள் என் பக்கத்தையும் நீ கேட்டுவிட வேண்டும். அவர் சொன்ன கதையில் அவர்தான் பெரிய மனிதராக இருப்பார், நான் சொல்பேச்சுக் கேட்காத கிழவனாக இருப்பேன். முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் என் வாயால் சொன்னால் அது வேறு மாதிரி இருக்கும். போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது, அது உனக்கே தெரியும். சூளைக்குப் பக்கத்திலேயே நின்று வாழ்நாளைக் கழித்தவன் நான். பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை அடுக்கி வண்டியோடு உள்ளே தள்ளுவதும், வெந்ததும் வெளியே இழுப்பதும்தான் வேலை. பர்னர் இரைச்சலில் அங்கே யாரும் யாரிடமும் பேச முடியாது. கையைக் காட்டுவோம், தலையை ஆட்டுவோம். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அதுவே பழக்கமாகிவிட்டது.

உன் மாமனாரோ பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிடயர் ஆனவர். பேச்சுதான் அவருக்குச் சாப்பாடு. உன் கல்யாணம் பேச வந்த அன்றே, காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் உன்னிடம் உன் கம்பெனி, சம்பளம், மேனேஜர், மதியச் சாப்பாடு எல்லாம் கேட்டு முடித்துவிட்டார். நீயும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாய். உன் மேனேஜரின் பெயரே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என் வயிற்றில் ஏதோ எரிந்தது. காரமாகச் சாப்பிட்டதால் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது வேறு பெயர் தெரியும் அதற்கு, பொறாமை. எழுதுவதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதத்தில் அதை எழுதாவிட்டால் வேறு எதை எழுதியும் பிரயோசனம் இல்லை.

அவருக்குச் சர்க்கரையால் கிட்னி கெட்டுப்போய்விட்டது என்று தெரிந்த பிறகு அது இன்னும் அதிகமாயிற்று. நீ மாதாமாதம் லீவு போட்டு அவரைப் பாண்டிச்சேரி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாய். அவர் மகள் கயலுக்கு ஸ்கூலில் லீவு கிடைக்காது, அவருக்கு ஆண்பிள்ளையும் இல்லை. எல்லாம் சரிதான். நீ செய்ததில் தப்பே சொல்ல முடியாது, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். போன வருஷம் பொங்கலுக்கு எல்லோரும் இங்கே வந்திருந்தபோது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? வெயிலில் வந்த மனுஷன் என்று நானே கடைத்தெருவுக்குப் போய் இளநீர் வாங்கிவந்து, சீவி, அவர் கையில் கொடுத்தேன். அவர் வாயில் வைக்கப்போன நேரம் நீ ஓடிவந்து பிடுங்கி என் கையிலேயே திணித்தாய். "அப்பா! மாமாவுக்கு இளநீ ஆவாது. அதுல பொட்டாசியம் இருக்குது, அவரு கிட்னிக்கு அது வெளிய போவாது, நெஞ்சையே புடிச்சிரும். கேட்டுட்டுக் கொடுக்கக் கூடாதா?" என்று சத்தம் போட்டாய். நீ சொன்னது சரி என்று பிறகு டாக்டரம்மாவே சொன்னார். அவர் நிலைமையில் இளநீர் ஆபத்துதான். ஆனால் அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் அந்த இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அவருக்கு எது ஆகும், எது ஆகாது, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதே நேரம் என் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. அது உனக்குத் தெரியாது.

முதுகுவலி எனக்குப் பழைய சிநேகிதன். சூளை வண்டியைத் தள்ளித் தள்ளி வந்தது. தினம் காலையில் ஒரு வலி மாத்திரை போட்டால்தான் நிமிர முடியும். சில நாள் மத்தியானமும் ஒன்று. மெடிக்கலில் கேட்டால் கொடுப்பார்கள், சீட்டு எதுவும் கேட்பதில்லை. நடுவில் மங்கலம்பேட்டைப் பக்கம் ஒருவர் கொடுத்த சூரணமும் சாப்பிட்டேன், அதில் என்ன இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அனல் பக்கம் நிற்கும்போது தண்ணீர் குடித்தால் அடிக்கடி ஒதுங்க வேண்டிவரும் என்று தண்ணீரையும் குறைத்தே பழகிவிட்டேன். பிரஷரை யாரும் பார்த்ததில்லை. சாயந்திரமானால் கால் கொஞ்சம் வீங்கும், செருப்பு வார் பதிந்து தடம் தெரியும். நாளெல்லாம் நின்றதால் என்று நினைத்தேன். உடம்பு கெட்டுப்போனால் வலிக்கும், சொல்லும் என்றுதானே நாம் நினைக்கிறோம்? கிட்னி அப்படி இல்லையாம். பெரும்பாலும் ரொம்ப தூரம் கெட்டுப்போகிற வரைக்கும் அது வாயைத் திறப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அது என்னைப்போலத்தான்.

போன ஆடியில் கம்பெனி டிரெயினிங்குக்காக நீ ஐதராபாத் போனாய் அல்லவா? "அப்பா, இந்த ஒரு தடவ நீங்க மாமாகூட டாக்டர்கிட்ட போயிட்டு வாங்க. தனியா போனா தல சுத்திக்கிட்டு எங்கனா வுழுந்துருவாரு" என்றாய். எனக்கு வேண்டாவெறுப்பு. ஆனாலும் போனேன். இரண்டு வருஷமாக என் பிள்ளையை மாதாமாதம் இழுத்துக்கொண்டிருக்கிற அந்த இடத்தில் அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. உன் மாமனார் திட்டக்குடி பஸ்ஸில் வந்து இங்கே விருத்தாசலத்தில் இறங்கினார். மஞ்சப்பை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். தான் சாப்பிடுகிற அத்தனை மாத்திரை அட்டைகளையும், கண்ணுக்குப் போடுகிற சொட்டு மருந்தையும்கூட, அதில் போட்டு எடுத்துவருவாராம். "பேரு வாயில நொழையல சம்பந்தி. அப்படியே தூக்கிட்டுப் போயி மேஜ மேல கொட்டிருவேன். எது வேணும், எது வேணாம்னு அவங்களே பொறுக்கிப்பாங்க" என்று சிரித்தார். வடலூர் தாண்டும்போது எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பையிலிருந்து மாத்திரையை எடுத்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன். அவர் பார்த்துவிட்டார்.

"இன்னா மாத்திர அது?"

"முதுகுவலிக்கு."

"டாக்டரு எழுதிக் கொடுத்ததா?"

"மெடிக்கல்ல வாங்குறதுதான்."

"எத்தினி நாளா சாப்புடுறீங்க?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. அடங்கிவிட்டார் என்று நினைத்தது என் தப்பு.

டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்ததும் உன் மாமனார் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பையைக் கொட்டினார். போன மாதம் என்னென்ன தப்பு செய்தார் என்று அவரே ஒன்றொன்றாகச் சொன்னார். துக்க வீட்டில் அப்பளம் சாப்பிட்டது, ஒரு வேளை பிரஷர் மாத்திரையை மறந்தது, ராத்திரியில் கால் அரிப்பது எல்லாவற்றையும். டாக்டரம்மாவும் கடிந்துகொள்ளவில்லை, சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பிறகு, "உங்க பையன் எங்க, இந்த மாசம் வரலையா?" என்று கேட்டார். உன் மாமனார், "ட்ரெயினிங் போயிருக்காரும்மா" என்றார். மாப்பிள்ளை என்று அவர் திருத்தவில்லை. "ரொம்பப் பொறுப்பான பையன். உங்கள அப்படியே உரிச்சு வெச்சிருக்காரு" என்றார் டாக்டரம்மா. கதிர், எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அவன் என் மகன்" என்றேன். சூளைக்குப் பக்கத்தில் நின்று கத்துகிற சத்தத்தில் சொல்லிவிட்டேன்போல. வெளியே உட்கார்ந்திருந்த நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

டாக்டரம்மா என்னை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார். உன் மாமனார் அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. "அம்மா, இவரு எங்க சம்பந்தி. டெய்லி வலி மாத்திர போடுறாரு. காலப் பாருங்க, வீங்கியிருக்குது. நான் கேட்டா மூஞ்சத் திருப்பிக்கிறாரு, நீங்க கேளுங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எப்போதாவது ஒன்று போடுவேன் என்று டாக்டரம்மாவிடம் பொய் சொன்னேன். உன் மாமனார் எழுந்து வந்து, "எடுங்க சம்பந்தி, பார்ப்போம்" என்று கையை நீட்டினார். பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறவர் எப்படி நிற்பாரோ அப்படியே நின்றார். நான் கொடுக்கவில்லை. என் சட்டைப் பையிலிருந்து அவரே உருவி மேஜைமேல் வைத்தார். அட்டை முக்கால்வாசி காலியாக இருந்தது. டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரஷர் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"ஐயா, இந்த மாத்திரை நாலஞ்சு நாள் சாப்பிட்டா பரவாயில்லைன்னு இருக்கலாம். வருஷக்கணக்கா சாப்பிட்டா கிட்னியக் கெடுத்துரும். உங்களுக்கு பிரஷர் வேற ரொம்ப நாளா இருந்திருக்கும் போலருக்கு" என்றார். "ரத்தத்துல கிரியாட்டினின்னு ஒண்ணு பாக்கணும். அதையும் உங்க வயசையும் வெச்சு, கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு ஒரு கணக்குப் போடுவோம். சிறுநீர்ல புரதம் ஒழுகுதான்னும் பாக்கணும். ரெண்டுமே சின்ன டெஸ்ட்தான். இன்னைக்கே கொடுத்துட்டுப் போங்க." அன்று மத்தியானமே முடிவு வந்தபோது, என் கிட்னி பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறது என்று தெரிந்தது. சிறுநீரில் புரதமும் போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவை பார்த்ததை வைத்துத் தீர்மானிக்க முடியாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் இது நிலையான நோயா என்று சொல்ல முடியும் என்றார். பிரஷருக்கு மாத்திரை எழுதினார். வலி மாத்திரையையும் சூரணத்தையும் அன்றோடு நிறுத்தச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் மாமனாரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் நல்லதுதான் செய்தார் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் என் மனசு வேறு எங்கேயோ இருந்தது. உன் மாமனாருக்கு நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டாய். எனக்கு நோய் என்று தெரிகிற நேரத்தில், பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் கேட்டுக்கொண்டதற்கு, உன்னைக் கவலைப்படுத்தக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் சொல்கிறேன். சொன்னால் நீ எனக்காகவும் லீவு போடுவாய். அப்போது, மாமாவோடு சேர்த்து அப்பாவையும் ஒரே நடையாகக் கூட்டிப்போய் வந்துவிடலாம் என்று நினைப்பாய். அவரோடு சேர்த்து என்று வருவதற்கு எனக்கு இஷ்டமில்லை.

மூன்று மாதம் கழித்து நான் யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போனேன். உன் மாமனார் இல்லாமல், என் டாக்டர் என் டாக்டராக இருக்கட்டும் என்று வீம்பு. டாக்டரம்மா பரிசோதனை முடிவைப் பார்த்தார். "அதே அளவுலதான் இருக்குது. அப்ப இது நாள்பட்ட கிட்னி நோய்தான், ஆனா கூடல" என்று எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். "வேற ஏதாவது கேக்கணுமாய்யா?" என்றார். நான் "இல்லீங்கம்மா" என்றேன். கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. முதுகு வலித்தால் இனி என்ன செய்வது? இளநீர் எனக்கும் ஆகாதா? தண்ணீர் கூடக் குடிக்கணுமா, குறைக்கணுமா? எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள், படித்தவர் நேரத்தை வீணாக்கக் கூடாது, நான் கேட்பது முட்டாள்தனமாக இருந்துவிட்டால் என்று எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த வாரமே முதுகு என்னைப் படுக்கப் போட்டுவிட்டது. பாயைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. பழைய மாத்திரை வேண்டாம் என்பது தெரியும், வேறு எது சாப்பிடலாம் என்பது தெரியாது. உன் அம்மா மெடிக்கலுக்குக் கிளம்பினாள். "எதக் கேட்டு வாங்கறது?" என்று வாசலில் நின்று கேட்டாள். கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு, உன் மாமனாருக்குத்தான் போன் செய்தேன். அவர் முதலில் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"டாக்டரம்மாகிட்ட கேக்கலையா சம்பந்தி?"

"கேக்கல."

"ஏன்?"

"வரல எனக்கு. உங்கள மாதிரி பேச எனக்கு வராது."

அவர், "நான் எனக்குக் கொடுத்தத உங்களுக்குச் சொல்லக் கூடாது. என் ஒடம்பு வேற, உங்க ஒடம்பு வேற. இருங்க, ஆசுபத்திரிக்கே போன் போட்டுக் கேட்டு, உங்ககிட்டயே பேசச் சொல்றேன்" என்றார். அரை மணி நேரத்தில் அங்கிருந்து எனக்குப் போன் வந்தது. எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாளைக்குமேல் சாப்பிடக் கூடாது என்று சொன்னார்கள். நன்றியாக இருந்தது. அந்த நன்றிக்குள்ளேயே பொறாமையும் இருந்தது. எனக்கு வேண்டியதை எனக்காகக் கேட்கவும் அந்த மனுஷனால்தான் முடிகிறதே என்று.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தே போக ஆரம்பித்தோம். நீ ஊரில் இருக்கிற மாதமும், "மாப்ள, உங்களுக்கு ஏன் லீவு, நான் சம்பந்தியோட போய்க்கிறேன்" என்று அவர் உன்னைத் தடுத்தது எனக்காகத்தான். நான் உள்ளே போய்ப் பேசிப் பழகட்டும் என்று. முதல் தடவை பஸ்ஸிலேயே என்னை ஒத்திகை பார்க்க வைத்தார். அவர் டாக்டரம்மா, நான் நான். பின்சீட்டில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு உள்ளே போய்க் கேட்டுவிட்டேன். என் அளவு இப்போது என்ன, போன தடவைக்குக் கூடியிருக்கிறதா, பிரஷர் எங்கே நிற்க வேண்டும், இந்தப் புது மாத்திரை எதற்கு, உப்பு எவ்வளவு, மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இளநீர் விஷயத்தில் இவருக்குச் சொன்னது உங்களுக்கும் அப்படியே பொருந்தாது, ரத்தத்தில் உப்புகளின் அளவைப் பார்த்துத்தான் ஒவ்வொருவருக்கும் சொல்ல முடியும் என்றார். புரியாததை, "நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்கம்மா" என்று திருப்பிச் சொன்னேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கேட்பது ஒரு பெரிய காரியமே இல்லை கதிர். கேட்காமல் வந்த அந்த ஒரு நாள்தான் எனக்குப் பெரிய காரியமாகப் போய்விட்டது.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. இதை உன் மாமனார் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். அவர் முறை வந்ததும் வழக்கம்போலப் பையைக் கொட்டி, வேடிக்கையாகப் பேசி, டாக்டரம்மாவைச் சிரிக்க வைத்தார். பிறகு அதே குரலில், "அம்மா, டயாலிசிஸ் எப்ப வரும்? மாப்ள வெளிநாடு போவப்போறாரு. அவரு இருக்கிறப்ப இதக் கேட்டா போவ மாட்டாரு. அதனால இன்னைக்கே கேக்குறேன், நேரா சொல்லுங்க" என்றார். டாக்டரம்மா நேராகவே சொன்னார். இந்த வருஷத்துக்குள் வரலாம், கையில் ரத்தக்குழாயை இணைக்கிற, அதற்கான சின்ன ஆபரேஷனை இப்போதே செய்து வைத்துக்கொண்டால் நல்லது என்றார். உன் மாமனார், "சரிம்மா, செஞ்சுரலாம்" என்றார். குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேஜைக்குக் கீழே அவர் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. கையை வைத்து அழுத்திப் பார்த்தார், நிற்கவில்லை. நான் என் கையையும் அதன்மேல் வைத்தேன். வெளியே வந்து இருவரும் டீக்கடையில் நின்றோம். அவர் பாதி டம்ளர் டீயோடு நிறுத்திக்கொண்டார், அவருக்குத் தண்ணீருக்கும் அளவு உண்டு. "உங்க புள்ள பக்கத்துல இருந்தா எனக்குப் பயமே தெரியாது சம்பந்தி" என்றார். அதுவரைக்கும் அவரிடம் நான் பறிகொடுத்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டிருந்த ஒன்றை, அவர் எதற்காகப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் பார்த்தேன். அதனால் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். போகவில்லை. "எனக்கும்தான் பயமா இருந்துச்சு, என் பக்கத்துல யாரு இருந்தா?" என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. யார் இருந்தார்கள் என்பதற்குப் பதிலும் உடனே தெரிந்தது. பதில் என் எதிரில் நின்று டீ டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தது.

இப்போது நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கெட்டது திரும்ப வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பிரஷர் அடங்கியிருக்கிறது, புரதம் போவது குறைந்திருக்கிறது. முதுகுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், காலையில் பாயில் புரண்டுகொண்டு செய்கிறேன். வீட்டில் கருவாடும் ஊறுகாயும் நின்றுவிட்டன. உன் அம்மாவுக்குத்தான் மனத்தாங்கல். "உப்பக் கொறைங்கன்னு நான் வருஷக்கணக்கா கத்துனேன், கேட்டீங்களா? சம்பந்தி ஒரு வார்த்த சொன்னாரு, ஒடனே நிறுத்திட்டீங்க" என்று பாத்திரத்தை டொக்கென்று வைக்கிறாள். அவளுக்கும் உன் மாமனார்மேல் பொறாமை. இந்த வீட்டில் இது எனக்கு மட்டும் இல்லை என்பதில் கொஞ்சம் ஆறுதல்.

நேற்று நீ, "நான் விசாவக் கேன்சல் பண்ணிடுறேன்பா, உங்களை வுட்டுட்டு என்னால போவ முடியாது" என்றாய். உண்மையைச் சொல்லவா? எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனை வைத்த பிறகு உன் அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன். மாமாவுக்கு டயாலிசிஸ் வரப்போகிறது என்பது உனக்குத் தெரியாது என்பதை மறந்து, மாமாவுக்காகச் சொல்லாததை எனக்காகச் சொல்லிவிட்டான் என்று சின்னப் பையன்போலக் குதித்தேன். விடிந்ததும் வெட்கமாக இருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன், அதனால்தான் அவர் மறைத்ததையும் சேர்த்து எழுதிவிட்டேன். என் விஷயத்தை அவர் உனக்குச் சொன்னார், அவர் விஷயத்தை நான் சொல்லிவிட்டேன், சரிக்குச் சரி. இரண்டும் தெரிந்த பிறகும் நீ கிளம்பு. மாதாமாதம் நாங்கள் இரண்டு பேரும் போய் வருவோம். அவர் கையில் ஆபரேஷன் நடக்கிற அன்று நான் பக்கத்தில் இருப்பேன். அவர் முழங்கால் ஆடினால் பிடித்துக்கொள்ள என் கை போதும்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் லீவு போடு. அவருக்காக இல்லை, எனக்காகவும் இல்லை. உனக்கு டாக்டரைப் போய்ப் பார். போன தடவை டாக்டரம்மா என்னிடம், "உங்க பையனும் பிரஷர், ரத்தம், சிறுநீர் எல்லாம் ஒரு தடவ பாத்துக்கட்டும். இது குடும்பத்துல வர வாய்ப்பு இருக்குது. முன்னாடியே தெரிஞ்சா ரொம்ப நல்லது" என்று சொன்னார். மஸ்கட் வெயிலில் நிற்கப்போகிறவன் நீ. உள்ளே போய் என்னைப்போல ஊமையாக உட்காராதே. உன் மாமனாரைப்போல எல்லாவற்றையும் கொட்டு, எல்லாவற்றையும் கேள். அந்த டாக்டர் உன்னிடம், உங்கள் வீட்டில் யாருக்காவது கிட்னிக் கோளாறு உண்டா என்று கேட்பார். பழக்க தோஷத்தில் மாமாவுக்கு என்று சொல்லிவிடாதே. அவர் உனக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறார், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன் ரத்தம் அவர் கொடுத்தது இல்லை. அப்பாவுக்கு என்று சொல்.

இப்படிக்கு,
அப்பா